சாவுக்கு இரண்டு போன்

நீங்கள் ஓவியரா என்று யாராவது கேட்டால், சுவரில் யானை வரைகிறவள் என்றுதான் சொல்வேன். பொய்யில்லை. நர்சரிப் பள்ளிச் சுவர்களில் யானை, ஆப்பிள், ஒன்று முதல் பத்து வரை. சோறு அதில்தான் வருகிறது. மிச்ச நேரத்தில் கரித்துண்டால் முகங்கள் வரைகிறேன். அதை யாரும் கேட்பதில்லை. எனக்குக் குருவும் கிடையாது, கண்காட்சி வைத்துக் கொடுக்க ஆளும் கிடையாது. வரைந்ததைப் போனில் படம் எடுத்து என் பக்கத்தில் போடுவேன், நாலு பேர் பார்ப்பார்கள். திண்டுக்கல்லில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி கல்யாணம் காட்சி இல்லாமல் கரியும் கையுமாக அலைவதை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் ஊருக்குத் தெரியும். அந்த வாய்தான் கடைசியில் கெடுத்தது.

எங்கள் ஊர் கேபிள் டிவியில் மாலை ஏழு மணிக்கு உள்ளூர்ச் செய்தி வாசித்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பேகம்பூர்க்காரர். எந்த வார்டுக்கு எந்த நாள் தண்ணீர், எந்தத் தெருவில் மின்தடை, பூ மார்க்கெட்டில் மல்லிகை என்ன விலை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் இரங்கல் செய்தி வாசிப்பார். ஊரே அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒருவருக்கு 'இயற்கை எய்தினார்', இன்னொருவருக்கு 'சிவலோகப் பதவி அடைந்தார்', கிறிஸ்தவர்களான எங்களுக்கு 'இறைவனில் இளைப்பாறினார்', அக்காவைப் போன்ற முஸ்லிம்களுக்கு 'வஃபாத் ஆனார்'. ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஒவ்வொரு பெயரையும் வாசித்த பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடிக்கும். செத்தவர் யாரோ எவரோ, அந்த ஒரு மூச்சு நேரம் அவருக்கென்று ஊர் சும்மா இருக்கும். எல்லாரும் அவரை ஏழு மணி அக்கா என்றுதான் சொல்வார்கள். நிஜப் பெயர் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் அப்பா இறந்த அன்று வீட்டில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "மன்னிக்கணும்மா, ஒரு தடவை கேட்டுக்கணும்" என்று அந்தக் குரல் சொன்னதும் அடையாளம் தெரிந்துவிட்டது. "ஒரு சீட்டு வந்திருக்கு. அப்பா தவறிட்டாங்கன்னு போட்டிருக்கு. நெசந்தானா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் அப்பா செத்தது நிஜம்தான் என்று நான் ஒரு டிவிக்காரிக்குச் சத்தியம் செய்ய வேண்டுமா? "இதுல கூடவா பொய் சொல்வாங்க?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு, "அப்பாவை ஊர்ல எப்பிடிக் கூப்பிடுவாக?" என்று கேட்டார்.

"எப்படின்னா?"

"சீட்டுல உள்ள பேரு அம்புட்டுப் பேருக்கும் தெரியாதும்மா. ஊர் கூப்பிடுற பேரு ஒண்ணு இருக்கும்ல, அதச் சொல்லு."

சைக்கிள் வாத்தியார் என்றேன். கடைசிவரை சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் போனவர். அன்று ஏழு மணிக்கு அக்கா அந்தப் பெயரையே வாசித்தார். மறுநாள் அடக்கத்துக்கு முன் சாமியார் செய்கிற மந்திரிப்புக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ தலை நரைத்த மாணவர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. அம்மா இறக்கும்வரை அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு நான் பட்ட கடன் இதுதான். பணத்தில் தீர்க்கிற கடன் இல்லை.

கேபிள் டிவியைப் பார்க்க ஆள் இல்லாமல் போனதும் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அக்கா விடவில்லை. வீட்டில் ஒரு ஸ்டூல் மேல் போனை நிற்க வைத்து, அதே ஏழு மணிக்கு, அதே செய்தி, கடைசியில் அதே இரங்கல். பாதி ஊர் போனுக்கு மாறி அவர் பின்னால் போனது.

போன வருஷம் நான் அவரை வரைந்தேன். கேட்காமல்தான் வரைந்தேன், திரையைப் பார்த்து. இரண்டு கையையும் சேர்த்து வணக்கம் சொல்லி முடிக்கிற அந்த நிலையில். கரி எனக்கு நன்றாக வசப்படும். கண்ணுக்குக் கீழே இருந்த களைப்புகூட விழுந்துவிட்டது. வழக்கம்போல கீழே வலது மூலையில் கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டேன். 'எங்கள் ஊரின் குரல்' என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் கும்பிடும் கை ஒன்றும் வைத்து, காலையில் போட்டுவிட்டு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பள்ளிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி பாதியில் நின்றது.

கருப்பு வெள்ளையில் ஒரு முகம், கீழே ஒரு தேதி, ஒரு கும்பிடு. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். கலை என்று நினைத்துக்கொண்டபோது மறந்துபோனது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏணியில் நின்றிருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் படத்துக்குக் கீழே 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆன்மா சாந்தியடையட்டும்', 'நேற்றுகூட வாசித்தாரே' என்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் வடமதுரையிலிருந்து ஒருவர் ரோஜா மாலையோடு பஸ் ஏறி வந்து பேகம்பூரில் வீட்டை விசாரித்துக் கதவைத் தட்டிவிட்டார். அவருடைய அம்மா செத்தபோது செய்தி வாசித்தது அக்காதானாம். கதவைத் திறந்ததும் அக்காதான். மனுஷன் மாலையோடு அப்படியே நின்றுவிட்டார். சாவுக்கு வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருக்கிறவர் கையிலும் கொடுக்கக் கூடாது. அக்கா அவரை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, அந்த மாலையைத் தெருமுனை கரண்டுக் கம்பத்தில் மாட்டச் சொன்னாராம். கம்பத்துக்கு அன்று நல்ல மரியாதை.

இதையெல்லாம் அக்காவே போனில் சொல்லிச் சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"ஏத்தா, என்னைய ஏன் கருப்புல வரைஞ்ச? ஏற்கெனவே நான் கருப்பு" என்றார். இடையில் இருமினார். பிறகு குரல் மாறியது. "போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டியா?"

"இல்லக்கா."

"நான் சாவுச் செய்திக்கு எப்பவும் ரெண்டு போன் போடுவேன். சீட்டுக் குடுத்தவுகளுக்கு ஒண்ணு, பக்கத்துக் கடைக்கு ஒண்ணு. உங்க அப்பாவுக்கும் அப்பிடித்தான். நீ எம்புட்டுக் கத்துன, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கரிப்படத்தை உடனே எடுத்துவிட்டேன். அவர் டீ டம்ளரோடு சிரிக்கிற ஒரு படத்தை அனுப்பச் சொல்லி, 'அக்கா நலமாக இருக்கிறார். நானே பேசினேன். வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று எழுதிப் போட்டேன். அதில் மட்டும் தேதி போடவில்லை. அது எல்லா வாட்சப் குரூப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

"பொய்யாச் செத்தவளுக்கு ஆயுசு கெட்டி" என்றார் அக்கா. "ஆனா ஒண்ணு. கலர்ல ஒரு படம் வரைஞ்சு போடு. பாக்குறவன் நான் உசுரோட இருக்கேன்னு நம்பணும்."

பேகம்பூருக்கு இரண்டு மதியம் போனேன். கிளிப்பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். டிவியில் முதன்முதலாகச் செய்தி வாசித்த அன்று கட்டிய சேலையாம். வாயை மூடிக்கொண்டு உட்கார அவருக்கு வராது. அந்த இரண்டு போன் பழக்கம் எப்படி வந்தது என்று அப்போதுதான் சொன்னார். ஆரம்பத்தில் ஒரு நாள், நிலத் தகராறில் எவனோ எழுதிக் கொடுத்த சீட்டை நம்பி ஒருவர் செத்துவிட்டதாக வாசித்திருக்கிறார். அந்த ஆள் டீக்கடையில் உட்கார்ந்து தன் சாவைத் தானே கேட்டிருக்கிறார். வீட்டில் அவர் மனைவி மயங்கி விழுந்து மண்டை உடைந்து, பத்து நாள் கழித்து நிஜமாகவே செத்துப்போனாராம். "அந்தச் செய்தியையும் நான்தான் வாசிச்சேன்" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வரையத்தான் பார்த்தேன்.

பீரோ மேல் மதுரை ஆஸ்பத்திரி உறைகள் அடுக்கியிருந்தன. நடுநடுவே எழுந்துபோய் இருமிவிட்டு வந்தார். என்னக்கா என்று கேட்டேன். "நெஞ்சுல சளி. படத்தப் பாரு" என்றார். நானும் படத்தையே பார்த்தேன். ஆயுசு கெட்டி என்று அவரே சொல்லிவிட்டாரே.

அந்தப் படத்தை முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. சாக்குச் சொல்கிறேன்: வண்ணம் எனக்கு வராது, யானைக்குத்தான் வரும். நிஜம் என்னவென்றால் எனக்குக் கர்வம். நலமாக இருக்கிறார் என்று ஊருக்கு நிரூபிக்கிற போஸ்டராக அது இருக்கக் கூடாது, நல்ல படமாக இருக்க வேண்டும் என்று கண்ணைத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை அக்கா கேட்டார். "முடிஞ்சிருச்சா? செத்த நேரத்துல முடியும்னு நெனச்சேன்." மூன்றாவது முறை கேட்கவில்லை. ஏழு மணி வாசிப்பும் சில நாட்கள் விட்டுப்போனது. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு காலை, ஒன்பது மணி சுமாருக்கு, படத்தை என் பக்கத்தில் போட்டேன். கிளிப்பச்சைச் சேலை, பாதிச் சிரிப்பு. என் வாழ்நாளில் நான் வரைந்ததில் நல்ல படம் அது. 'புதிய படம். அக்கா கேட்டபடி கலரில்' என்று எழுதினேன். முதலில் இரண்டு இதயம் வந்தது. மூன்றாவதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'அக்கா இறந்துட்டாங்களாமே, உண்மையா?'

கோபம் தலைக்கேறியது. மறுபடியுமா? கலரில் வரைந்தாலும் இந்த ஊருக்குப் புத்தி வராதா? என் படத்தைப் பார்த்து ஒருத்தராவது படத்தைப் பற்றிப் பேச மாட்டார்களா? 'பச்சைச் சேலையில் சிரிக்கிறவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? வதந்தி பரப்புகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை' என்று எழுதினேன். எழுதியது போதாதென்று, அந்தப் பழைய டீ டம்ளர் படத்தையும் தேடி எடுத்து மறுபடி போட்டேன். நானே பேசினேன், வதந்திகளை நம்ப வேண்டாம். போன தடவை நான் சொன்னது சரியாக இருந்ததால் இந்தத் தடவையும் எல்லாரும் என்னை நம்பினார்கள். குரூப் குரூப்பாக அனுப்பினார்கள். படத்துக்குக் கீழே வாழ்த்து குவிந்தது. 'நூறாண்டு வாழ்க அக்கா.' 'கண் திருஷ்டி கழிஞ்சது.'

அக்காவுக்கு நான் போன் போடவில்லை. இரண்டு போன் என்ன, ஒரு போன்கூட. படத்தைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிடுவார், ஏத்தா என்று ஆரம்பிப்பார் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாராட்டுக்குத்தான் காத்திருந்தேன். மதியம் சாப்பிட்டேன். ரசம் கொஞ்சம் புளித்துவிட்டது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

மூன்று மணிக்கு மேல் பேகம்பூர்க் கறிக்கடைக்காரர் ஒருவர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். பள்ளிவாசல் வாசலில் தொங்கும் கரும்பலகை. சாக்பீஸில் ஒரு பெண் பெயர், பழக்கமில்லாத பெயர். 'வஃபாத். லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம்.' கீழே அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஏழு மணி அக்காதாம்மா இது. எல்லாம் முடிஞ்சிருச்சு. நீ போட்டதை எடு.'

ஆட்டோவில் போனேன். மதியத் தொழுகை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் சாமியானா. வாடகை நாற்காலிகள் பாதிக்குமேல் அடுக்கியபடியே இருந்தன, பிரிக்கவே இல்லை. தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் வந்து தூக்கிப்போய் அடக்கிவிட்டார்கள். மற்ற ஊர் வரவில்லை. இத்தனை வருஷம் யார் யார் வீட்டுச் சாவையோ வாசித்தாரே, அந்த வீடுகள் வரவில்லை.

அக்காவின் மகள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். வேலூரில் வேலை பார்க்கிறவர், நாலு நாளாக அம்மாவோடு இருந்திருக்கிறார். விடியற்காலை பாங்கு சொல்கிற நேரத்தில் மூச்சு நின்றதாம். நுரையீரல் முழுக்கப் பரவி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்ததாம்.

"அம்மா போன் லாக்ல இருக்கு, எனக்குத் தெறக்கத் தெரியல" என்றார். "பக்கத்து வீட்டு மாமாதான் குரூப்ல போட்டாரு. அதுவும் அம்மா நெசப் பேரப் போட்டாரு. கொஞ்சப் பேரு கண்டுபிடிச்சு வாரோம்னாங்க. பெறகு உங்க மெசேஜ அனுப்பி, பொய்யாமேன்னு கேட்டாங்க. மய்யத்தக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம், அந்நேரம் யாருக்குன்னு பதில் சொல்றது?"

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைக்கவும் இல்லை, எழுந்துபோகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா அந்தப் படத்தப் பாக்கல" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு நிற்க இடம் போதாமல் போனதும் அக்காவால். அக்காவுக்கு நாற்காலி மிஞ்சியதும் என்னால். இதை நான் எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு மாதிரி வரவில்லை.

வாசல் படியில் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் அழித்தேன். அந்தக் கலர் படத்தையும், அதன் கீழிருந்த நூறாண்டு வாழ்க எல்லாவற்றையும். புதிதாக ஒன்று எழுதினேன், படம் எதுவும் இல்லாமல். 'பேகம்பூர், ஏழு மணி அக்கா என்று நம் அனைவராலும் அழைக்கப்பட்டவர் இன்று காலை வஃபாத் ஆனார். அடக்கம் முடிந்துவிட்டது. காலையில் நான் சொன்னது தவறு. கேட்க வேண்டியவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.' கீழே என் நம்பரைப் போட்டேன். அப்போது மணி ஏழு ஆகவில்லை, ஆறரைதான். ஏழு வரை பொறுக்க எனக்குத் தைரியம் இல்லை.

கூப்பிட்டார்கள். முதல் அழைப்பு நத்தத்திலிருந்து ஒரு பெண். "மன்னிக்கணும், ஒரு தடவை கேட்டுக்கிறேன். நெசந்தானா?" ஆமாம் என்றேன். அடுத்தது ஒரு பெரியவர், அவரும் அதையே கேட்டார். சிலர் அழுதார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் ஆமாம் என்று சொல்லும்போது அக்கா எனக்கு மறுபடி ஒரு தடவை செத்தார். அப்பா செத்த அன்று அந்த ஒரு கேள்விக்கு நான் போட்ட கத்தல் நினைவுக்கு வந்தது. இங்கே ஒருவரும் கத்தவில்லை.

அப்புறம் ஒரு குரல், தயங்கித் தயங்கி.

"வடமதுரையிலருந்து பேசுறேன்த்தா. அன்னைக்கு மாலை கொண்டாந்தேன்ல, அந்த ஆளு. கோவிச்சுக்கிராத. இந்தத் தடவையாச்சும் நெசமா?"

"நெசந்தான்ணே."

"காலையிலயே சேதி வந்துச்சு. மாலை வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். தாமரைப்பாடிக்கிட்ட வரும்போதுதான் நீ போட்டதப் பாத்தேன். அங்கனயே எறங்கிட்டேன்" என்றார். "மாலைய வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுல்ல. பஸ் ஸ்டாப் கம்பத்துல மாட்டிட்டு எதிர்ப் பஸ்ஸப் புடிச்சேன். அக்கா நல்லா இருக்காகன்னு சந்தோசமாத்தான் வீட்டுக்குப் போனேன்."

அவர் வைத்துவிட்டார். போன் மறுபடியும் அடித்தது. எடுத்து, ஆமாம் என்றேன்.